நான் அடித்துவிட்ட இரண்டு வரிகள்

வடலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. இலையில் அப்போதுதான் சாம்பார் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். இடது கையால் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். அருள்தாஸின் எண். "என்ன அருள்?" என்றேன். அவர் மனைவி ஸ்டெல்லாவின் குரல் வந்தது. "சார், அவரு போயிட்டாருங்க" என்றார். காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயது. நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

கை கழுவும் இடத்தில் நின்றபோது என் மனதில் முதலில் வந்தது துக்கம் இல்லை. 'நல்லவேளை, அவர் யாரிடமும் சொல்லவில்லை' என்பதுதான் முதலில் வந்தது. துக்கம் அதற்குப் பிறகு, பஸ் ஏறி உட்கார்ந்த பின்புதான் வந்தது. ஒருவர் செத்த செய்தியைக் கேட்டு ஒரு நொடி நிம்மதி அடைந்தவன் இதை எழுதுகிறான் என்பதை நம் இசை வட்டத்து நண்பர்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அஞ்சலி எழுதுகிறவர்கள் போனவரைப் புகழ்கிற சாக்கில் தங்களையும் கொஞ்சம் நல்லவர்களாகக் காட்டிக்கொள்வார்கள். எனக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

அருள்தாஸ் எனக்கு இருபது வருஷப் பழக்கம். கடலூரில் நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்த கல்லூரியில் அவர் லேப் அசிஸ்டன்ட். சோனாமீட்டர் என்று ஒரு மரப்பெட்டி உண்டு. அதில் கட்டிய கம்பியை இசைக்கவையின் சுருதியோடு சேர்க்க வேண்டும். சேர்ந்துவிட்டதா என்று தெரிய, கம்பியின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து அது துள்ளி விழுகிறதா என்று பார்ப்போம். அருள்தாஸ் காகிதம் வைக்க மாட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டு, கம்பியைத் தாங்கும் பாலத்தை மயிரிழை நகர்த்திவிட்டுப் போய்விடுவார். நான் காகிதம் வைத்துச் சோதித்தால் அது விழும். "பேப்பரு பொய் சொல்லும் சார், காத்தடிச்சாலே விழுந்துடும்" என்பார். முதுநகரில் அவர்கள் மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பவர் என்பது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவராகச் சொல்லவும் இல்லை, நானாகக் கேட்கவும் இல்லை.

அவர் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக அரசாங்க வேலைக்கு வந்தவர் அருள்தாஸ். நான் திட்டக்குடிப் பக்கம் நிலபுலத்தோடு பிறந்தவன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும். அவரைச் சிதம்பரத்தில் நம் வட்டத்துக்கு அழைத்துவந்தது நான்தான். அவர் அங்கே வந்த பத்து வருஷமும் அதை விடாமல் சொல்லிக்காட்டியதும் நான்தான். "நம்ம லேப்ல இருக்கார், நல்ல காது" என்று எல்லோரிடமும் அறிமுகம் செய்வேன். காதுக்கு முன்னால் லேப்பை வைக்காமல் எனக்கு அவரை அறிமுகம் செய்யத் தெரிந்ததே இல்லை.

வட்டத்தின் வழக்கம் வெளியாருக்குத் தெரியாது, ஆகவே சொல்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, பல் டாக்டர் வசந்தாவின் மாடிக் கூடத்தில் கூடுவோம். ஒருவர் ஒரு இசையைக் கொண்டுவருவார். யாருடையது என்று சொல்லாமல் போடுவார். கேட்டு முடித்ததும் ஒரு நோட்டு கைமாறும், ஆளுக்கு இரண்டு வரி எழுதுவோம். கொண்டுவந்தவர் அதை வாங்கி எல்லோருடைய வரிகளையும் சத்தமாகப் படிப்பார். அதன் பிறகுதான் பெயரைச் சொல்வார். ஒருமுறை ஒரு பெரிய பெயரின் சுமாரான கச்சேரிக்கு எல்லோரும் ஆஹா போட்டதைப் பார்த்து எரிச்சல்பட்டு நான் கொண்டுவந்த விதி அது. "பேரைக் கேட்டதும் காது வேலையை நிறுத்திடுது, பேர் தெரியாம கேட்டாத்தான் காது வேலை செய்யும்" என்று அன்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். நோட்டு இன்றும் என்னிடம்தான் இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்த ஞாயிறு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஐப்பசி மழை. பஸ்ஸில் நனைந்து வந்த அருள்தாஸ், சட்டை ஈரத்தைப் பொருட்படுத்தாமல், பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்த பென்டிரைவைத்தான் முதலில் துடைத்தார். பதினேழு நிமிஷ இசை. ஒரு தனிச் செல்லோ நாலே ஸ்வரங்களில், துறையில் கட்டிப்போட்ட படகு போல, போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. சலிக்கப்போகிறது என்று நினைத்த இடத்தில் ஓபோ என்ற குழல் ஒன்று எட்டிப்பார்த்துவிட்டு விலகியது. எட்டு ஒன்பது நிமிஷம் வேறு எதுவும் நடக்கவில்லை. யாரும் அசையவும் இல்லை. பிறகு வயலின்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. அவற்றுக்கு அடியில் ஹார்ன்கள் விரிந்தன. டாக்டர் வசந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவரிடம், "வட ஐரோப்பாக்காரர் யாரோ, நூறு வருஷத்துக்கு முந்தினது" என்று காதில் சொன்னேன். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படியான காதோரம்தான் அது.

நோட்டு வந்தது. நான் எழுதினேன்: 'இந்த இசை யாரையும் அவசரப்படுத்துவதில்லை. கேட்பவர் எழுந்து நடக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.' எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

அருள்தாஸ் வழக்கப்படி எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தார். என் வரிகளுக்கு வந்தபோது அவர் குரல் பிசிறியது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "சார் சரியா புடிச்சிட்டாரு" என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இது ஒரு வீடியோ கேமுக்குப் போட்ட மியூசிக்கு சார். அது நெசமாவே காத்திருக்கும். வெளையாடுறவங்க எழுந்து நடக்கற வரைக்கும்..." அதற்கு மேல் அவர் பேச நான் விடவில்லை.

நூறு வருஷத்துக்கு முந்தையது என்று சொன்ன வாய் என்னுடையது. எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை என்று டாக்டர் வசந்தா இப்போது சொல்கிறார். நான் சிரித்தேன். "அப்ப அடுத்த மாசம் தாயக்கட்டை எடுத்துட்டு வாங்க அருள். உருட்டினா என்ன ராகம் வருதுன்னு பாப்போம்" என்றேன். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பின் சூட்டில் நோட்டை அவர் மடியிலிருந்து எடுத்து என் வரிகளை அடித்தேன். ஒரு கோடு போட்டு அடிக்கவில்லை. எழுத்தே தெரியாதபடி முன்னும் பின்னுமாகத் தேய்த்து அடித்தேன். என்னைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தங்கள் வரிகளை அடித்தார்கள். டாக்டர் வசந்தா மட்டும், "நான் எழுதினது இருக்கட்டும்" என்றார்.

அருள்தாஸ் பென்டிரைவைத் திரும்பக் கவரில் சுற்றினார். "பரவால்ல சார். அடிச்சாலும் கேட்டது கேட்டதுதான்" என்றார். மாணவன் பீக்கரை உடைத்தால் எந்தக் குரலில் பரவாயில்லை என்பாரோ அதே குரல். அதே இசையை டாக்டர் வசந்தா கொண்டுவந்திருந்தால் நான் தாயக்கட்டை கேட்டிருப்பேனா? மாட்டேன். "அட, காலம் எப்படி மாறிப்போச்சு பாருங்க" என்று வியந்திருப்பேன். இந்தக் கணக்கு எனக்கு அன்று படி இறங்கும்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஆறு வருஷம் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகும் அருள்தாஸ் ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தார். ஆனால் அவர் முறை வந்தபோதெல்லாம் நமக்குப் பழக்கமான கச்சேரிகளையே கொண்டுவந்தார். நாமும் பழக்கமான வரிகளையே எழுதினோம். 'தாயக்கட்டை' வட்டத்தில் நிலைத்துவிட்டது. யாராவது ஒரு சுமாரான இசையைப் போட்டால் நான் விரல்களைக் குவித்து உருட்டிக் காட்டுவேன். எல்லோரோடும் சேர்ந்து அருள்தாஸும் சிரிப்பார்.

ஓய்வு பெற்ற வருஷம் எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. படிக்கக்கூடாது, டிவி பார்க்கக்கூடாது என்றார்கள். கண்ணை மூடிப் படுத்திருந்தால் அந்த நாலு ஸ்வரம் வந்து நின்றது. விரட்டிப் பார்த்தேன், போகவில்லை. நாலாம் நாள் மானத்தை விட்டு அருள்தாஸுக்குப் போன் போட்டு, "அந்த மியூசிக் இருக்கா?" என்றேன். எந்த மியூசிக் என்று அவர் கேட்கவில்லை. ஒரு நிமிஷத்தில் வந்தது. கூடவே, "இயர்போன் வச்சிக் கேளுங்க சார், ஓபோக்காரர் மூச்சு இழுக்கறது கேக்கும்" என்று பேசி அனுப்பியிருந்தார். கேட்டது. வெள்ளைக்காரர் யாரோ எங்கோ ஒரு கூடத்தில் இழுத்த மூச்சு சிதம்பரத்தில் என் தலையணையில் கேட்டது. அன்றிலிருந்து அதைக் கேட்காமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை. வீட்டில்கூட யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். நல்லவேளை, யாரிடமும் சொல்லவில்லை என்று பந்தியில் நினைத்தேனே, அது இதைத்தான்.

கண் சரியானதும் முதுநகரில் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று இப்போது எழுத ஆசையாக இருக்கிறது. அதை எப்படி விளையாடுகிறார்கள் என்று பார்க்கும் ஆசையில்தான் போனேன். மகளின் படிப்புக்கு வாங்கிய பழைய கம்ப்யூட்டர் அது. விளையாட்டின் ஆங்கிலப் பெயர் என் வாயில் இன்றும் நுழைவதில்லை. அந்த வீட்டில் அதற்குப் பெயர் 'படகு'. சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. ஒரு பெண் சின்னப் படகில் தீவு தீவாகப் போய், அணைந்துகிடக்கும் கலங்கரை விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிறாள். ஒவ்வொரு விளக்குக்கும் ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு வாத்தியம் கூடுகிறது. அவள் எங்காவது நின்றுவிட்டால் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்கின்றன. செல்லோ மட்டும் கூட இருக்கும். அருள்தாஸ் படகைத் துறையில் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். "வெளையாடவும் மாட்டாரு, எழுந்திரிக்கவும் மாட்டாருங்க" என்றார் ஸ்டெல்லா.

"கச்சேரி செய்யறவங்களுக்கு எப்ப முடிக்கணும்னு தெரியும் சார். இத எழுதினவருக்கு அது தெரியாது. வெளையாடுறவன் ரெண்டு நிமிஷம் நிப்பானா, ரெண்டு மணி நேரம் நிப்பானான்னு தெரியாம எழுதணும். எங்க நின்னாலும் குறையா தெரியக்கூடாது" என்று அருள்தாஸ் விளக்கினார். நான் அன்று வட்டத்தில் கேட்ட பதினேழு நிமிஷத்தைப் பற்றிக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "அது இப்படி உக்காந்து நான் பதிவு பண்ணதுதான் சார். ஒம்போது நிமிஷம் துறையிலயே நிறுத்தி வச்சிருந்தேன். அங்க வர்றவங்க எவ்ளோ நேரம் தாங்குவாங்கன்னு யோசிச்சுப் பாத்து, போதும்னு தோணினப்பதான் கட்ட அவுத்தேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயலின்கள் எழுந்த அந்த நொடியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேனே, அந்த நொடியைத் தேர்ந்தெடுத்தது அருள்தாஸ். எங்களுக்காக ஒன்பது நிமிஷம் எந்தப் பொத்தானையும் தொடாமல் காத்திருந்தவர் அவர். அன்று நாங்கள் கேட்டதில் ஒரு பங்கு அவர் வாசித்தது. அதற்குத்தான் தாயக்கட்டை கேட்டிருக்கிறேன். படகை என்னிடம் கொடுத்தார். நான் அவசரமாகத் திருப்பிப் பாறையில் மோதினேன். "அவசரமில்ல சார், நீங்க நின்னா அதுவும் நிக்கும்" என்றார். மன்னிப்பு என் வாய்வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா காபி கொண்டுவந்தார். குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது.

அதற்கு அடுத்த ஞாயிறு வட்டத்தில் யாரோ தாயக்கட்டை என்றார்கள். முதலில் சிரித்தவன் நான். அருள்தாஸ் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். முதலில் வரிகளை அடித்தது ஒரு நிமிஷத்துப் பதற்றம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இந்தச் சிரிப்புக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

அடக்கத்துக்கு நம் வட்டத்திலிருந்து ஐந்து பேர் போனோம். பத்து நாள் கழித்து ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டார். முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கிறார்கள். "அவரு கொண்டாந்த மியூசிக்குக்கு நீங்க எழுதினீங்களாமே, அதப் போடலாம்னு இருக்கேன் சார். எனக்கு வரி ஞாபகம் இல்ல. நோட்டு உங்ககிட்டதான் இருக்குன்னு சொல்லியிருக்காரு. அத அவரு சொல்லாத நாளில்லீங்க" என்றார்.

அடித்ததை அவர் தன் மனைவியிடம் சொல்லவே இல்லை. வீட்டில்கூட என் மானத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்திருந்தேன், ஒரு எழுத்தும் தெரியவில்லை. எனக்கு நோட்டு தேவையும் இல்லை, வரிகள் மனப்பாடம். கைபேசியில் தட்டினேன். அனுப்பினால் ஒரு நொடியில் போய்விடும். அட்டையில் என் பெயரோடு வரும். கோயிலில் நாலு பேர் வந்து பாராட்டுவார்கள். விரல் அந்தப் பொத்தானுக்கு மேல் நின்றது. தட்டியதை அழித்துவிட்டு, நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.

ஸ்டெல்லா பக்கத்தைப் பார்த்தார். "யாருங்க அடிச்சது?" என்றார். நான்தான் என்றேன். தாயக்கட்டை, சிரிப்பு, காபி குடித்துவிட்டு எழுந்து வந்தது, அதன் பிறகும் சிரித்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நனஞ்சிட்டு வந்தாரு. சார் இப்படி எழுதினாருன்னு அவ்ளோ சந்தோஷமா சொன்னாரு. ஆனா அதுக்கப்புறம் பொங்கல் வரைக்கும் படகத் தொறக்கவே இல்லீங்க. ஏன்னு கேட்டா கண்ணு வலிக்குதுன்னாரு. நானும் ஜாஸ்தி பாத்து பாத்துதான் வலிக்குதுன்னு திட்டினேன்."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரே கேட்டார்.

"எழுதினப்ப நெசமாத்தான் எழுதினீங்களா?"

"நெசமாத்தாம்மா."

"அப்ப வரியப் போட்டுக்கறேன். உங்க பேரு வேண்டாங்க" என்றார். ஒரு தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தார். எழுதிக் கொடுத்தேன்.

வரும் ஞாயிறு என் முறை. அந்தப் பதினேழு நிமிஷத்தைத்தான் கொண்டுவருகிறேன். நான் கொண்டுவந்த விதியை நானே ஒருமுறை மீறப்போகிறேன். இது ஒரு வீடியோ கேமின் இசை, படகைக் கட்டவிழ்ப்பது அருள்தாஸ் என்று சொல்லிவிட்டுத்தான் போடுவேன். தாயக்கட்டை என்ற சொல்லை இனி யாரும் நம் கூடத்தில் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதை உண்டாக்கியவன் கேட்கிறேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அட்டை கொடுத்தார்கள். அவர் படம், ஒரு ஜெபம், அதற்குக் கீழே அந்த இரண்டு வரி. இசை என்று இருந்த இடத்தில் ஸ்டெல்லா 'மனிதர்' என்று மாற்றியிருந்தார், அதற்கேற்ப வினைகளையும். இந்த மனிதர் யாரையும் அவசரப்படுத்தியதில்லை. பிறர் எழுந்து நடக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "இத எழுதினவரு அருளு மேல உசுரா இருந்திருக்கணும்ங்க. யாருங்க அது?" என்று என்னிடம் கேட்டார். பேர் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்றேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். காகிதம் வைக்காமல் சேர்த்த கம்பி, ஓபோக்காரரின் மூச்சு, கேட்டது கேட்டதுதான் என்ற ஒரு பேச்சு. அட்டையை நோட்டின் அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்த வரிகளுக்கு என் பெயர் இல்லை. அடித்ததற்கு என் பெயர் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதி, அடியில் கையெழுத்துப் போடுகிறேன்.